ஜானகி அம்மாளும் கோயம்புத்தூர்க் கரும்பும்



பொங்கல் முடிந்த மறுநாள் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வட்டக் கண்ணாடி போட்ட ஒரு அம்மையாரின் கறுப்பு வெள்ளைப் படம். இந்தியக் கரும்பை இனிக்க வைத்தவர் இவர்தான், இவர் இல்லாவிட்டால் நாம் இன்றைக்கும் சர்க்கரைக்கு வெளிநாட்டுக்காரனிடம் கையேந்திக்கொண்டிருப்போம், கண்டிப்பாகப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. கீழே பெயர்: ஈ.கே. ஜானகி அம்மாள்.

காலை ஒன்பது மணிக்குள் பதினான்கு பேர் கைகூப்பிவிட்டார்கள். நான் கூப்பவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எந்தக் காகிதம் வந்தாலும் விஷயத்தைப் படிக்கும் முன் தேதியைப் பார்ப்பான். இந்தச் செய்தியில் தேதியே இல்லை. அதனால் நானே தேடிக் குறித்துக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது 1912. அங்கே பார்பர் என்ற இங்கிலீஷ் தாவரவியலாரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உண்டாக்கிய கோ 205 என்ற கரும்பு விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டது 1918. ஜானகி அம்மாள் அந்த நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1934. கோ 205 வயலுக்குப் போன வருஷத்தில் அவருக்கு இருபத்தொரு வயதுகூட நிறையவில்லை, மதராசில் படித்துக்கொண்டிருந்தார்.

ஆக, அந்தச் செய்தி தப்பு. ஆனால் தப்பு என்று சொல்லி மூடிவிட்டால் அந்த அம்மாவுக்குச் செய்யும் இன்னொரு அநியாயம் ஆகிவிடும். செய்யாத வேலைக்கு மாலை போடுகிறவர்கள், செய்த வேலையை ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு இந்தப் பெயர் புதிது இல்லை. 1983-ல் என்னை மாஹேவுக்கு மாற்றினார்கள். நம் யூனியன் பிரதேசத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், காரைக்கால் மாற்றல் என்றால் முகம் சுளிப்போம், மாஹே மாற்றல் என்றால் வீட்டில் அழுகை. ஆனால் போன பிறகு எனக்கு ஊர் பிடித்துவிட்டது. ஆற்றங்கரை, பழைய பிரெஞ்சுக் கட்டடங்கள், வயதானவர்கள் சிலர் நம்மிடம் பிரெஞ்சில் நலம் விசாரிப்பது எல்லாம் புதுச்சேரியின் தம்பி ஊர் போல இருந்தது. துணிமணி வாங்க, சினிமா பார்க்க எல்லாரும் தலச்சேரிக்குத்தான் போவோம். பஸ்ஸில் எட்டு ஒன்பது கிலோமீட்டர்.

1984 பிப்ரவரியில் ஒரு நாள் எங்கள் ஹெட் கிளார்க் மலையாளப் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். "நம்முடைய தலச்சேரிக்காரி ஒருத்தி மதராசில் இறந்துபோனாள் சாரே, பெரிய சயன்டிஸ்ட்" என்றார். நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டு டி.ஏ. பில்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பெயர் மட்டும் எங்கோ தங்கிவிட்டது. நாற்பது வருஷம் கழித்து வாட்ஸ்அப்பில் அதே பெயரைப் பார்த்தபோது, அன்றைக்கு அந்தப் பேப்பரை வாங்கிப் பார்க்காமல் விட்டோமே என்று இருந்தது. எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டத்தான் வரும், இருந்தாலும் படத்தையாவது பார்த்திருக்கலாம்.

ஜானகி அம்மாள் பிறந்தது 1897 நவம்பர் 4, தலச்சேரியில். அப்போது மாஹே பிரெஞ்சு, தலச்சேரி இங்கிலீஷ். இன்னும் சில மைல் தெற்கே பிறந்திருந்தால் அவரும் என்னைப் போல 'நோ ஆன்செத்ர் லெ கொலுவா' என்று படித்திருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். (நம் முன்னோர்கள் கோல் இனத்தார் என்று பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி முன்பே ஒரு முறை எழுதியிருக்கிறேன்.) ஈ.கே. என்பது எடவலத்து கக்காட் என்ற குடும்பப் பெயர். அப்பா ஈ.கே. கிருஷ்ணன் சப் ஜட்ஜ், இயற்கையில் ஈடுபாடு உள்ளவர். அம்மாவின் தகப்பனார் ஹானிங்டன் என்ற வெள்ளைக்காரர், திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்தவர். தீயர் குடும்பம், கலப்பு ரத்தம் வேறு. அந்தக் காலத்து மலபாரில் இதற்கெல்லாம் என்ன விலை கொடுத்திருப்பார்கள் என்று என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மதராஸ் குயின் மேரீஸ் கல்லூரி, பிறகு பிரசிடென்சி கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ், 1921. கொஞ்ச காலம் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் எடுத்தார். அப்போது வீட்டில் கல்யாணப் பேச்சு. அதே சமயத்தில் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென்று வைத்திருந்த பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. (கரும்பு பார்பர் வேறு, இந்த பார்பர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவர் கப்பல் ஏறினார். நியூயார்க் துறைமுகத்தில் பட்டுப்புடவையோடு நின்றவரைப் பார்த்து, நீங்கள் இந்திய இளவரசியா என்று கேட்டார்களாம். தான் மறுக்கவில்லை என்று பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறார். 1925-ல் முதுகலை, 1931-ல் டி.எஸ்ஸி. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் தாவரவியலில் அந்தப் பட்டம் வாங்கிய பெண்களை, வெள்ளைக்காரிகளையும் சேர்த்து, எளிதாக எண்ணிவிடலாம்.

இந்த இடத்தை என் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது, முத்தியால்பேட்டையில் என்னோடுதான் இருக்கிறாள். எங்கள் வீட்டில் நிஜமாகப் படிப்பு வந்தது அவளுக்குத்தான். பிரெவே பரீட்சையில் நல்ல மார்க். செடி கொடி என்றால் உயிர். பள்ளிக்கூடத்து நோட்டில் காய்ந்த இலைகளை ஒட்டி, பக்கத்தில் லத்தீன் பெயர் எழுதி வைத்திருந்தாள். மேலே படிக்க மதராசுக்குப் போக வேண்டும், இங்கே அப்போது பெண்களுக்கென்று தனிக் கல்லூரி கிடையாது. அப்பா "போதும்" என்றார். ஒரே வார்த்தைதான். நான் பையன், என்னை அனுப்பினார்கள். நான் போய்ப் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை, எல்.டி.சி. ஆனேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கல்யாணம் வேணாம்னு சொன்னப்போ அவங்க வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலையா தம்பி?" என்றாள்.

"கடைசி வரைக்கும் பண்ணிக்கவே இல்லையாம் அக்கா" என்றேன்.

அவள் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. "சரி, கரும்புல என்ன பண்ணாங்க, அதைச் சொல்லு" என்றாள். அக்காவுக்குச் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன்.

நாம் பொங்கலுக்குக் கடிக்கிற மாதிரி தடித்த, சாறு நிறைந்த கரும்பு வகைக்கு விஞ்ஞானிகள் வைத்த பேரே ராஜ கரும்பு என்று பொருள்படும். இனிப்பு உண்டு, ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி. குளிர் தாங்காது, செவ்வழுகல் நோய் வந்தால் படுத்துவிடும். வட இந்தியாவில் விளைந்ததோ மெல்லிய குச்சிக் கரும்பு. சாறு குறைவு. அதனால்தான் அவ்வளவு பெரிய நாட்டுக்கு ஜாவாவிலிருந்து சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம், ஆற்றோரம் தானாக முளைத்து வெள்ளைப் பூ விடுகிற நாணல் இருக்கிறதே, பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள், அது கரும்புக்கு நெருங்கிய சொந்தம். இனிப்பு கிடையாது, ஆனால் எதற்கும் சாகாது. கோயம்புத்தூர் மண்ணிலும் காற்றிலும் கரும்பு தாராளமாகப் பூக்கும், வடக்கே அப்படிப் பூத்து விதை பிடிக்காது. அதற்காகவே நிலையத்தை அங்கே வைத்தார்கள். பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பையும் உள்ளூர் நாணலையும் கலந்தார்கள். அதன் பிள்ளைதான் கோ 205. பஞ்சாபில் அது உள்ளூர்க் கரும்பைவிட ஏகமாக விளைந்தது. வெங்கட்ராமனுக்குப் பிற்பாடு சர் பட்டம் கிடைத்தது, அது நியாயமானதுதான்.

ஆனால் ஏன் அப்படி நடந்தது? எந்தக் கலப்பு தேறும், எது தேறாது என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது? அதற்குச் செடியின் உள்ளே பார்க்க வேண்டும். உயிரணுவுக்குள் நூல் துண்டு போலக் கிடக்கிற குரோமோசோம்களை எண்ண வேண்டும். குணங்களைச் சுமந்து போவது அவைதான். வேர் நுனியை வெட்டி, மருந்தில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணுவது. மனிதனுக்கு 46. எண்ணிவிடலாம். கரும்பில் நூறுக்கு மேல், அத்தனையும் தூசு போல.

கணக்கு இப்படி. ராஜ கரும்பில் 80. கோயம்புத்தூர் நாணலில் 64. பிள்ளைக்குத் தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி, அதாவது 40-ம் 32-ம் சேர்ந்து 72 வர வேண்டும். கோ 205-ல் இருப்பதோ 112. தாய்க் கரும்பு பாதியைக் கொடுக்காமல் 80-ஐயும் முழுசாகக் கொடுத்துவிடுகிறது, நாணல் மட்டும் ஒழுங்காக 32 கொடுக்கிறது. சொத்தில் பாதி கேட்டால் முழுசையும் எழுதிக்கொடுக்கிற தாய்! இந்த விசித்திரத்தை முதலில் கண்டு சொன்னவர் ஜாவாவில் இருந்த பிரெமர் என்ற டச்சுக்காரர். நாணலின் கெட்டித்தனமும் வேண்டும், இனிப்பும் போகக்கூடாது என்ற ஆசை நிறைவேறியதற்குக் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஜானகி அம்மாள் 1934-ல் கோயம்புத்தூருக்கு வந்தது இந்த எண்ணுகிற வேலைக்குத்தான். அதற்கு முன் இரண்டு வருஷம் திருவனந்தபுரத்தில் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். கத்திரிக்காய்ச் செடியில் குரோமோசோம்கள் மடங்காகப் பெருகுவதைப் பற்றி எழுதிய கட்டுரை அந்த வருஷம்தான் வெளிவந்தது. கோயம்புத்தூரில் நாட்டின் பல இடத்து நாணல்களைச் சேர்த்து எண்ணினார். எல்லா நாணலும் ஒரே நாணல் இல்லை, ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறுகிறது என்பது அவர் 1936-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் எந்த நாணலைக் கலப்புக்கு எடுப்பது என்று கேட்கிறவனுக்கு இதுதான் அடங்கல் பதிவேடு. இது இல்லாமல் நிலத்தை அளக்க முடியாது.

வெங்கட்ராமன் துணிச்சல்காரர். கரும்பைச் சோளத்தோடு கலந்தார், மூங்கிலோடுகூடக் கலந்தார். அந்தக் கலப்புகளின் குரோமோசோம்களை எண்ணி 1938-ல் லண்டன் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதியவர் ஜானகி அம்மாள். அதே வருஷம் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தது பற்றி இன்னொரு குறிப்பும் அங்கே வந்தது. மூங்கில் கலப்பு உண்மையில் கலப்புதானா என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், வெற்றிகளை மட்டும் எழுதுவது இரங்கல் கூட்டத்துக்குத்தான் சரி. மக்காச்சோளக் கலப்பு வயலுக்குப் போன கரும்பு இல்லை. தூரத்துப் புல் வகைகள் ஒன்றோடொன்று எவ்வளவு தூரம் உறவாட முடியும் என்று பார்த்த சோதனை அது. 1934-ல் ராமன் தொடங்கிய இந்திய விஞ்ஞான அகாடமியில் 1935-லேயே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

கோயம்புத்தூரில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. ஆண்கள் மட்டும் இருந்த இடத்தில் கல்யாணம் ஆகாத ஒரு பெண், அதுவும் அந்த ஜாதியில் பிறந்தவர். அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு ஆபீசில் ஆயுளைக் கழித்தவன், எழுதாததையும் ஊகித்துக்கொள்வேன்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. ஜானகி அம்மாள் போனார். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே யுத்த மேகம், செப்டம்பர் 3-ந் தேதி யுத்தம். சில வாரங்களுக்கென்று போனவர் பன்னிரண்டு வருஷம் அங்கேயே தங்கிவிட்டார். லண்டனுக்குப் பக்கத்தில் மெர்ட்டன் என்ற இடத்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையம் இருந்தது. அதன் தலைவர் டார்லிங்டன், குரோமோசோம் விஷயத்தில் அந்தக் காலத்தில் உலகத்துக்கே பெரியவர். அவரோடு 1940 முதல் 1945 வரை வேலை. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வதும், காலையில் அலமாரித் தட்டுகளில் கிடக்கும் கண்ணாடித் தூளைப் பெருக்கிவிட்டு வேலையைத் தொடர்வதும் வழக்கமாம். புடவை மடிப்பில் ஒளித்து ஒரு அணிலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார் என்றும், அது ஜான் இன்னஸில் சில வருஷம் செல்லமாக வளர்ந்தது என்றும் குடும்பத்தார் சொல்வதுண்டு. நம்புவது உங்கள் இஷ்டம், எனக்கு நம்பப் பிடித்திருக்கிறது.

அந்த யுத்தக் குழப்பத்தில் பிறந்த புத்தகம்தான் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். 1945-ல் லண்டனில் வெளியானது. மனிதன் பயிர் செய்கிற செடிகளுக்கெல்லாம் குரோமோசோம் எண்ணிக்கை என்ன, யார் எண்ணியது என்று ஒரே இடத்தில் தொகுத்த பதிவேடு. உலகம் முழுக்கப் பயிர் வளர்ப்பவர்களும் ஆராய்ச்சியாளர்களும் மேஜையில் வைத்துக்கொண்ட புத்தகம். அட்டையில் இரண்டு பெயர்: டார்லிங்டன், ஜானகி அம்மாள்.

பத்து வருஷம் கழித்து, 1955-ல், அதைப் பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் விரிவாக்கிப் புதிய பதிப்பு போட்டார்கள். அதன் ஆசிரியர்கள் டார்லிங்டன், வைலி. ஜானகி அம்மாள் அப்போது இந்தியாவில் வேறு வேலையில் இருந்தார், புதிய வேலையைச் செய்தவர் பெயர் வருவது முறைதான். இருந்தாலும், முதல் பாகத்துக் கோப்பில் குறிப்பெழுதியவன் பெயர் இரண்டாம் பாகத்தில் இல்லாமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அந்த இரண்டு தலைப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டார்லிங்டனோடு நட்பு முறியவில்லை, வருஷக்கணக்காகக் கடிதப் போக்குவரத்து இருந்தது.

யுத்தம் முடிந்ததும் விஸ்லியில் ராயல் தோட்டக்கலைச் சங்கம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அங்கே கோல்சிசின் என்ற மருந்தை மக்னோலியா நாற்றுகளில் பயன்படுத்திக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். ஒரு மக்னோலியாவுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். அவர் நட்ட மரங்கள் இப்போதும் அந்தக் குன்றில் வசந்த காலத்தில் வெள்ளையாகப் பூக்கின்றன.

1951-ல் நேரு கூப்பிட்டு இந்தியா திரும்பினார். வெள்ளைக்காரன் விட்டுப்போன இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைத் திருத்தி அமைக்க வேண்டும் என்பது வேலை. திட்டம் போட்டுக் கொடுத்தார். 1954-ல் துறை புதிதாகத் தொடங்கியபோது தலைமைத் தாவரவியலார் பதவி பம்பாயில் இருந்த சாந்தாபாவ் பாதிரியாருக்குப் போனது. அவர் ஸ்பெயினில் பிறந்தவர், பெரிய அறிஞர், அதில் சந்தேகமில்லை. ஜானகி அம்மாளுக்கு மத்திய தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு. திட்டம் போட்டவருக்கு நாற்காலி இல்லை என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது, டார்லிங்டனுக்கு எழுதியும் இருக்கிறார். 1955-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றியிருக்கிறான் என்று ஒரு பெரிய கருத்தரங்கு. அழைக்கப்பட்ட அறிஞர்களில் பெண் அவர் ஒருவர்தான். 1977-ல் பத்மஸ்ரீ.

இன்னொரு கடிதத்தில் அவர் எழுதியது எனக்கு மறக்கவில்லை. அசாமில் அந்தப் பகுதியிலேயே ஒன்றே ஒன்று என்று தெரிந்திருந்த ஒரு மக்னோலியா மரத்தைப் பார்ப்பதற்காக ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போயிருக்கிறார். போய்ப் பார்த்தால் மரத்தை எரித்துவிட்டிருந்தார்கள். காட்டை அழித்து உணவுப் பயிர் செய்யுங்கள் என்ற காலம் அது. புதிய செடிகளை உண்டாக்குவதில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர், இருக்கிற செடிகளைக் காப்பாற்றச் சொல்லும் பக்கம் திரும்பினார். கேரளத்தில் குந்திப்புழா ஆற்றில் அணை கட்டினால் அமைதிப் பள்ளத்தாக்கு முழுகும் என்று போராட்டம் நடந்தபோது எண்பது வயதுக்காரர் அதில் சேர்ந்தார். மேடையில் பேசுவதோடு நிற்கவில்லை, அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்றார். எண்ணுகிற பழக்கம் கடைசி வரை போகவில்லை.

1970-லிருந்து மதராஸ்தான். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தில் கௌரவ விஞ்ஞானி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலில் இருந்த வயல் ஆய்வுக்கூடத்தில் மருந்துச் செடிகளும் பூனைகளும் துணை. இப்போது நாம் அந்த வழியாக மேம்பாலத்தில் போகிறோம். 1984 பிப்ரவரி 7-ந் தேதி அங்கேயே இறந்தார். அமைதிப் பள்ளத்தாக்கைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது அதே வருஷம் நவம்பர் 15. ஒன்பது மாதம் பொறுத்திருந்தால் பார்த்திருப்பார்.

இனி நம் ஊர்ச் சங்கதி ஒன்று. லெஷெனோ தெ லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் 1816-ல் பிரான்சை விட்டுப் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். அந்த வருஷம்தான் இங்கிலீஷ்காரன் நம் ஊரைப் பிரெஞ்சுக்காரனுக்குத் திருப்பிக் கொடுத்தான். லெஷெனோ இங்கே தாவரத் தோட்டம் போட்டார், மதராஸ், வங்காளம், இலங்கை எல்லாம் சுற்றினார். 1822-ல் திரும்பிப் போவதற்குள் இங்கிருந்து ரெயூனியன் தீவுக்கு அனுப்பிய செடிகளில் இரண்டு வகைக் கரும்பும் உண்டு, ஆறு வகைப் பருத்தியும் உண்டு. அந்தத் தீவுக்கு நம் ஊரிலிருந்து கரும்பும் போனது, கரும்பு வெட்ட ஆளும் போனார்கள். ஆட்களின் கதை வேறு, பெரியது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அந்த ரெயூனியன் தீவில் உண்டாக்கிய ஆர் 570 என்ற கரும்பைத்தான் இப்போது உலக விஞ்ஞானிகள் எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறார்கள். மொம்பெலியே நகரத்து சிராட் ஆய்வு நிறுவனத்தில் அஞ்செலிக் தோன் என்ற அம்மையாரின் குழு 1996-லேயே அதன் குரோமோசோம்களுக்கு இரண்டு வித நிறம் ஏற்றிக் காட்டியது. ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கு ராஜ கரும்பு, ஒரு பங்கு நாணல், மீதி ஒரு பங்கு இரண்டும் பின்னியது. 2018-ல் அதன் மரபணுக்களுக்கு முதல் வரைபடம் போட்டார்கள். 2024-ல் பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, செக் நாட்டவர்கள் சேர்ந்து முழுமையானதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். மனிதனுடையதைப் போல மூன்று மடங்கு நீளம். துரு நோயை எதிர்க்கும் மரபணு எது என்பதும் அதில் பிடிபட்டது. சிராட் எழுதியிருந்த பிரெஞ்சுக் குறிப்பைப் படித்தேன், பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு இந்த வயதில் இதற்காவது உதவியது. லெஷெனோ அனுப்பிய கரும்புக்கும் ஆர் 570-க்கும் நேர் உறவு என்று நான் சொல்லவில்லை. 1996-ல் நிறம் ஏற்றிப் பிரித்துப் பார்த்த அந்த நாணல் பங்கைத்தான், அறுபது வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒருவர் சாயம் ஏற்றிக் கண் வலிக்க வலிக்க எண்ணிக்கொண்டிருந்தார்.

குழுவில் பதில் போட்டேன். கரும்பை இனிப்பாக்கியது பார்பர், வெங்கட்ராமன், 1918. நாணலை எண்ணியது, அட்லஸ் போட்டது, காட்டுக்காகப் பேசியது ஜானகி அம்மாள், 1934 முதல் 1984 வரை. தயவுசெய்து தேதி பார்த்து அனுப்பவும் என்று எழுதினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. பழைய சூப்பரின்டெண்ட் ஒருவர், "ரிட்டயர் ஆகியும் ஆட்சேபணைக் குறிப்பு எழுதுவதை விடவில்லையா ஐயா" என்று கேட்டிருந்தார். மூன்றாம் நாள் வேறொருவர் பழைய செய்தியையே மறுபடி அனுப்பினார். அதற்கு இருபது பேர் கைகூப்பினார்கள்.

அக்கா மட்டும் இந்தக் கட்டுரையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னாள். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பென்சிலால் ஓரத்தில் நாணலுக்கு லத்தீன் பெயர் எழுதி வைத்திருக்கிறாள். சக்காரம் ஸ்பொன்தானியம். எழுத்துப் பிழை இல்லை, நான் சரிபார்த்தேன்.